பெயர்ப்பலகை இல்லாத பட்டறை: கம்பளம் போய் மரம் வந்த எங்கள் மாடிப்படி

எங்கள் வீட்டு மாடிப்படியில் முப்பது ஆண்டுகளாக ஒட்டிக்கிடந்த சிவப்புக் கம்பளத்தை உரித்தெடுத்து, அதன் அடியில் இருந்த தேக்குப் படிகளைச் செப்பனிட்டு மெருகேற்றித் தந்தது பெரம்பூரில் உள்ள ஒரு சிறிய தச்சுப் பட்டறை. வேலை 2024 ஏப்ரலில் முடிந்தது. மர வேலையின் குணம் மழைக்காலத்தில்தான் தெரியும் என்பதால், இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் கழியட்டும் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்துக்குள் நுழைந்து, மரத்தூள் வாசனை வரும் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் பட்டறைக்காரருடைய பெயரை எழுதவில்லை. தெருவில் எல்லோரும் அவரை 'பாய்' என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தா, ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து வாங்கிய வீடு இது. உயரமான கூரை, சிவப்புச் சிமெண்ட் தரை, நடுக்கூடத்திலிருந்து மேலே போகும் மரப்படி: 20 படிகள், நடுவில் திரும்புவதற்கு ஒரு மேடை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955-இல் எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் ரயில் பெட்டிகளின் உடலே பெரும்பாலும் தேக்கு மரம்தான். அந்த மரத்தோடு ஆயுள் முழுக்கப் புழங்கிய தாத்தாவுக்கு இந்த வீட்டில் பிடித்துப்போனது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் என்று பாட்டி சொல்வார். 1994-இல் அக்காவின் கல்யாணத்துக்கு வீட்டைப் புதுப்பித்தபோது, தேய்ந்த படிகள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அப்பா அவற்றின்மேல் கம்பளம் விரித்து ஆணியடித்தார், ஓரங்களில் ரப்பர் பசையும் தடவினார். சென்னையின் புழுக்கத்தில், தூசியில், வெறுங்காலோடு நடக்கும் ஒரு வீட்டில் படிக்கட்டுக்குக் கம்பளம் எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய இடத்து அடையாளம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் மூன்றாம் படிவரை ஏறி இரண்டு நாள் நின்றது. வடிந்தபின் தரையைக் கழுவினோம், சுவரைக் கழுவினோம். கம்பளத்தை என்ன செய்வது? தண்ணீர் தொட்டது மூன்று படிகளைத்தான், ஆனால் ஈரம் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் ஐந்தாம், ஆறாம் படிவரை மேலேறிவிட்டது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் நாகரிகம் கருதி எதுவும் சொல்லாமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாவது, அண்ணா நகர்ப் பக்கம் உள்ள ஒரு காட்சிக்கூடம். வந்த இளைஞர் அலைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு, பழைய படிகளைத் தொடாமல் அவற்றின்மேல் பிளைவுட் அடித்து, அதன்மேல் 12 மில்லிமீட்டர் லேமினேட் பலகை ஒட்டி, முனைக்கு அலுமினியப் பட்டை வைத்து மூன்று நாளில் முடித்துத் தருவதாகவும் ரூ. 1,85,000 ஆகும் என்றும் சொன்னார். இரண்டாமவர் தெரிந்தவர் மூலம் வந்த தச்சர். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றார், பழைய மரத்தை அவரே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்தப் பெருந்தன்மையின் விலை எவ்வளவு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழைய பர்மா தேக்கு இன்று கன அடிக்கு என்ன விலை போகிறது என்பதை அறியாமல் யாரும் தம் வீட்டு மரத்தைத் தாரை வார்க்க வேண்டாம்.

மூன்றாவதாக வந்தவர் பாய். அறுபது வயதைத் தாண்டியவர். வந்தவுடன் விலை பேசவில்லை. படிக்குக் கீழே உள்ள சிறு அறையின் கதவைத் திறந்து, பழைய பாய்களையும் கொலுப் பெட்டியையும் வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு உள்ளே புகுந்து கால் மணி நேரம் வெளியே வரவில்லை. படியின் நிஜமான நிலை அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தோன்றியது. பிறகு வெளியே வந்து, கொட்டாப்புளியால் ஒவ்வொரு படியையும் மூன்று இடத்தில் தட்டினார்: வலது, நடு, இடது. கம்பளத்தின் மேலிருந்தே ஓசையைக் கேட்டு, சாக்குக்கட்டியால் பக்கப்பலகையில் குறியிட்டுக்கொண்டே ஏறினார். நல்ல படிக்கு ஒரு கோடு, சந்தேகத்துக்கு இரண்டு, கெட்டதற்கு ஒரு வட்டம். 20 படிகளில் மூன்றுக்குத்தான் வட்டம் விழுந்தது. கம்பளத்தை உரித்தபின் பார்த்தால், மூன்றும் அவர் சொன்னபடியே இருந்தன. இவருக்கு வேலையைக் கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்தத் தட்டலைக் கேட்ட நேரத்தில்தான்.

"தம்பி, இது பர்மா தேக்கு. இதுக்கு மேல பிளைவுட் அடிக்கிறவன் தொழில்காரன் இல்ல" என்றார். அம்மாவிடம் திரும்பி, "அம்மா, உங்களுக்கு ரெண்டு மாசம் பொறுமை இருந்தா நான் செய்றேன்" என்றார்.

அந்த இரண்டு மாதத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைச் சொல்லாத தச்சர்களே அதிகம். அவரிடம் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. ஜனவரி கடைசியில் மேல்படிகளில் அது 13 விழுக்காடு காட்டியது. வெள்ளம் தொட்ட கீழ்ப்படிகளில் 22 காட்டியது. ஈரம் குடித்த மரம் உப்பியிருக்கும். அந்த நிலையில் இழைத்து, பொருத்தி, மேலே பாலிஷும் அடித்துவிட்டால், கோடையில் மரம் காய்ந்து சுருங்கும்போது இடுக்குகள் திறந்துகொள்ளும், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பாலிஷைத் தூக்கிவிடும். எனவே பிப்ரவரி முதல் வாரத்தில் கம்பளத்தை மட்டும் எடுத்துவிட்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, படிக்குக் கீழே ஒரு மேசை விசிறியை ஓடவிட்டுப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் கீழ்ப்படிகள் 14-க்கு இறங்கின. அதற்குப் பிறகே உளியைக் கையில் எடுத்தார்.

கம்பளம் எடுத்த நாளை அம்மா இன்னும் மறக்கவில்லை. மேல் துணி பெரிய கஷ்டமில்லாமல் வந்துவிட்டது. அதன் அடியில் மெத்தென்று இருப்பதற்காகப் போட்டிருந்த நுரை, மஞ்சள் பொடியாக உதிர்ந்து ரவை மாதிரி படியெங்கும் கிடந்தது. முப்பது வருடத் தெருமணல், ஒரு 25 காசு நாணயம், ரவிக்கைக் கொக்கிகள், அக்காவின் கல்யாண மாலையில் இருந்திருக்கக்கூடிய ஒரு ஜரிகைத் துணுக்கு. ஆணிகள்தான் உயிரை எடுத்தன. ஒவ்வொரு படிக்கும் முனையிலும் மூலையிலும் நெருக்கி நெருக்கி அடித்திருந்த சிறு ஆணிகளில் பாதி துருப்பிடித்துத் தலை உடைந்துபோயிருந்தது. பாயின் உதவியாளரான ஒடிசா இளைஞர் இரண்டு முழு நாள் குறட்டோடு உட்கார்ந்து எடுத்தார். எடுத்தவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்திருக்கிறேன், முக்கால் பாட்டில் நிறைந்தது. பசை காய்ந்த இடங்களை வெந்நீர்த் துணியாலும் சுரண்டியாலும் எடுத்தார்கள். வராத இடங்களில் மட்டும் டர்பெண்டைன் தொட்டுத் தேய்த்தார்கள். கம்பளம் போட்டிருப்பவர்கள் பிற்காலத்தில் மரத்துக்குத் திரும்ப நினைத்தால், செலவின் ஒரு பங்கு இந்த ஆணியிலும் பசையிலும்தான் போகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். படிக்குப் படி உயரத்தை அளந்து சுவரில் எழுதினார். எல்லாம் ஏழேகால் அங்குலம். முதல் படி மட்டும் ஐந்தேகால். 2008-இல் கூடத்தின் பழைய சிவப்புத் தரைமேல் கலவை போட்டு டைல்ஸ் பதித்தபோது தரை இரண்டு அங்குலம் உயர்ந்து, முதல் படியை அந்த அளவுக்கு விழுங்கிவிட்டது. கம்பளம் இருந்தவரை அதன் அரை அங்குலக் கனம் இந்தக் குறையைச் சற்று ஈடுகட்டியது; மேலே கடைசிப் படியிலோ, மாடித் தரையில் கம்பளம் இல்லாததால், அதே அரை அங்குலம் குறைவாக இருந்தது. கண் பார்க்காவிட்டாலும் கால் கணக்கு வைத்துக்கொள்ளும்: இரண்டு மூன்று படி ஏறியதும் அடுத்த படியின் உயரத்தை அது எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது, கால் அங்குலம் அரை அங்குலம் பிசகினாலும் தடுக்கிவிடும். அம்மா மாடி முகப்பில் அடிக்கடி தள்ளாடுவதை மூட்டு வலி என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். கம்பளம் போனதும் அந்தக் கடைசிப் படி தானாகச் சரியாகிவிட்டது.

காங்கிரீட் படிமேல் மரம் பதிக்க நினைப்பவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் படியிலும் ஓர் அங்குலப் பலகை வைத்தால், நடுவில் உள்ள படிகளின் உயரம் மாறாது. ஆனால் முதல் படி ஓர் அங்குலம் கூடும், கடைசிப் படி ஓர் அங்குலம் குறையும், ஆக இரண்டுக்கும் நடுவே இரண்டங்குல வேற்றுமை வந்துவிடும். மேல் தரையையும் கீழ்த் தரையையும் சேர்த்து உயர்த்தினால் ஒழிய இது தீராது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிகளுக்கு அதிகபட்ச உயரம் 190 மில்லிமீட்டர் என்றும், முனை நீட்சியைச் சேர்க்காமல் மிதிக்கும் அகலம் குறைந்தது 250 மில்லிமீட்டர் என்றும் சொல்கிறது; எங்கள் படி 184-க்கு 254, மயிரிழையில் தேறுகிறது. காட்சிக்கூடத்து இளைஞரிடம் கடைசிப் படியை என்ன செய்வீர்கள் என்று தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். "அது அட்ஜஸ்ட் ஆயிடும் சார்" என்றார்.

இனி மர வேலை. எங்கள் படிக்கட்டு பழைய முறையில் கட்டியது: இரு புறமும் நீளமான பக்கப்பலகைகள், அவற்றில் வெட்டிய காடிகளில் (நீள்பள்ளங்களில்) மிதிபலகைகள் செருகப்பட்டு, அடியிலிருந்து ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கின்றன. ஆணி மிகக் குறைவு. படி கிறீச்சிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஆப்பு தளர்ந்து, பலகையும் காடியும் ஒன்றோடொன்று உரசுவதுதான். பாய் படிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பழைய ஆப்புகளைத் தட்டி எடுத்து, புதிதாகச் சீவிய தேக்கு ஆப்புகளைப் பசை தொட்டு அடித்தார். மிதிபலகையும் செங்குத்துப் பலகையும் சேரும் மூலைகளில் சிறு முட்டுக்கட்டைகளை ஒட்டித் திருகாணி போட்டார்.

தேய்ந்த பலகைகளில் ஐந்தை அவர் மாற்றவில்லை, புரட்டிப் போட்டார். இதை நான் நின்று பார்த்தேன். ஆப்பைத் தட்டியதும் பலகை அடிப்பக்கமாக இறங்கி வந்தது. மேல் பக்கம் நடுவில் குழிந்து, முனை மழுங்கி, ஆணித் துளைகளோடு ஒரு கிழட்டுத் தாடை மாதிரி இருந்தது. வலத்தை இடமாக்கித் திருப்பியதும், தொண்ணூறு வருடம் யாருமே மிதிக்காத அடிமுகம் கறுத்துப்போய் மேலே வந்தது. இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தார். கறுப்புத் தோல் சுருண்டு விழுந்த இடத்தில் தேன் நிறம் தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், வாசனை. பதப்படுத்திய தோலும் எண்ணெயும் கலந்ததுபோன்ற தேக்கின் வாசனை, நேற்று அறுத்த மரம்போல் கூடம் முழுக்க நிறைந்தது. ஒரு பலகையைப் புரட்டிப் போட அவருக்கு அரை நாள் ஆயிற்று. புதுப் பலகை போட்டிருந்தால் அவருக்கும் வேலை சுலபம், மரத்தில் லாபமும் கிடைத்திருக்கும்.

மாற்ற வேண்டியிருந்தவை மூன்றுதான்: முதல் இரண்டு படிகளும் திருப்பத்துக்கு அடுத்த ஒரு படியும். கீழே உள்ள இரண்டிலும் ஓரத்தில் மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதி இருந்ததால் கரையான் அதை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டு, உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியை எட்டியதும் நின்றிருந்தது. தேக்கைக் கரையான் தொடாது என்று சொல்வதெல்லாம் வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். கடையில் மரம் வாங்குபவர்கள் பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாற்று மரத்துக்குச் சென்னை சூளைப் பகுதியில் உள்ள ஒரு பழைய மரக்கடைக்குப் பாயோடு நானும் போனேன். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. எனவே இன்று பர்மா என்று சொல்லி விற்கப்படுவதில் எது எங்கிருந்து வந்தது என்பதைக் கண் பழகியவர்கள்தான் சொல்ல முடியும். பாய் புது மரத்தின் பக்கமே போகவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த ஓர் உத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, முனையைச் சீவி, எச்சில் தொட்டு நிறம் பார்த்து, காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று சோதித்து வாங்கினார். மூன்றடி நீளம், பதினோரு அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் உள்ள ஒரு படிப்பலகை கால் கன அடியைவிடச் சற்றுத்தான் அதிகம். மூன்று பலகைக்கு, சேதாரமும் சேர்த்து, ஒன்றேகால் கன அடி போதுமாக இருந்தது. மரத்துக்கு ஆன செலவு ரூ. 5,200. முழுப் படிக்கட்டுக்கும் புது மரம் என்று சொன்னவர்களின் கணக்கோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை தூசி. தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் கூடத்தைத் தார்ப்பாய் கட்டி மறைத்துத் தருவதாகச் சொன்னவர்கள், இரண்டு பழைய புடவையைத் தொங்கவிட்டதோடு சரி. பூஜை அலமாரியில், அரிசி டின்னில், டி.வி.யின் பின்புறத்தில் எல்லாம் தேக்குத் தூள். அதைவிடக் கவலை தந்தது கைப்பிடி. கடைசல் கால்கள்மேல் யாரோ எப்போதோ அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் மூன்று அடுக்கு இருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூளை வீட்டில் உள்ளவர்கள்தான் சுவாசிக்க வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னபோது பாய் சிரித்தார். "நாப்பது வருஷமா தேச்சிட்டுத்தானே இருக்கேன்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் பெயிண்ட் நீக்கும் திரவம் தடவி, ஈரமாகவே சுரண்டி, தாளில் மடித்து அப்புறப்படுத்தினார்கள். அந்த மூன்று நாளும் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆணித் துளைகளை அடைத்த விதம் இரண்டாவது குறை. தேக்குத் தூளையும் பசையையும் குழைத்துத்தான் அடைத்தார்கள். அது சரியான முறையே. ஆனால் புரட்டாமல் விட்ட 12 படிகளில், உலர்ந்த நிலையில் ஒன்றுபோலத் தெரிந்த நிறம் பாலிஷ் ஏறியதும் கறுத்து, முனை நெடுகக் கடுகு இறைத்ததுபோல் புள்ளிகள் தெரிகின்றன. ஒரு படியில் செய்து பாலிஷ் தொட்டுப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். பாயிடம் கேட்டால், ஆணி அடித்தது உங்கப்பா, நான் இல்லை என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாலிஷில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் பழைய பாலிஷைத்தான் பாய் விரும்பினார்; அதன் ஆழமான மினுக்கு வேறு எதிலும் வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும், நடக்கும் இடத்தில் சீக்கிரம் தேயும். ஆகவே படிகளுக்கு இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷை, பளபளப்பு இல்லாத வகையில் அடிப்பதென்றும், கைப்பிடிக்கு மட்டும் அவர் ஆசைப்படி அவலரக்கு என்றும் உடன்பாடு ஆயிற்று. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று ஏறி, பூச்சுக்குப் பூச்சு 320-இல் லேசாகத் தேய்த்து மூன்று பூச்சு அடித்தார்கள். மாடியும் கீழும் புழங்கும் வீட்டில் படியை அடைத்துவைக்க முடியாதல்லவா? முதல் நாள் ஒற்றைப்படை எண் படிகளுக்கும் மறுநாள் இரட்டைப்படைக்கும் அடித்தார்கள். நாங்கள் ஒரு வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி விட்டு ஒரு படியாக ஏறி இறங்கினோம். அம்மா அந்த வாரம் கீழேயே படுத்துக்கொண்டார்.

வழுக்கலைப் பற்றி எனக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்தது. கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தில் நடப்பது, அதுவும் குளித்துவிட்டு ஈரக்காலோடு வருவது, எழுபது வயதுக்காரருக்கு விளையாட்டல்ல. பாலிஷுக்கு முன்பே ஒவ்வொரு படியின் முனைக்குப் பின்னால் இரண்டு மெல்லிய காடிகளை நீளவாக்கில் ஓட்டிவிட்டார். விரலுக்கும் காலுக்கும் தெரியும், கண்ணை உறுத்தாது. அதில் அழுக்குச் சேர்கிறது என்பது மட்டும்தான் குறை. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஈர்க்குச்சியால் கீறி எடுக்கிறார்.

பணமும் காலமும். பத்து நாள், ரூ. 52,000 என்று வாயால் சொன்ன கணக்கு, 19 வேலை நாளாகவும் ரூ. 69,500 ஆகவும் முடிந்தது. தச்சர் கூலியும் உதவியாளர் கூலியும் நாளொன்றுக்கு 2,200 வீதம் 41,800, பாலிஷ்காரருக்கு, பொருளும் சேர்த்து, 16,000, மரம் 5,200, ஆணி எடுத்தது முதல் பசை, திருகாணி, உப்புத்தாள், பெயிண்ட் நீக்கிவரை சில்லறைச் செலவு 4,300, கரையான் மருந்துக்கு 2,200. எந்த இனத்திலும் அவர் ஏமாற்றவில்லை, ரசீதுகளைக் கொடுத்தார். ஆனால் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி நோன்பு தொடங்கியது. அதன்பின் அவர் பகல் ஒரு மணிக்கு மேல் வேலை செய்யவில்லை, மரத்தூளுக்கு நடுவே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைப்பவரை அதற்குமேல் வேலை செய்யச் சொல்ல யாருக்கு மனம் வரும்? என் மனத்தாங்கல் நோன்பைப் பற்றியது அல்ல. வேலையை ஒப்புக்கொண்ட அன்றே நாட்காட்டி அவருக்கும் தெரியும்; பாலிஷ் பெருநாளுக்குப் பிறகுதான் என்று அன்றே சொல்லியிருந்தால், மார்ச் கடைசியில் ஊரிலிருந்து வந்த விருந்தினரை ஏணிபோல் நின்ற அரைகுறைப் படியில் நான் ஏற்றியிருக்க மாட்டேன். அவரிடம் வேலை கொடுப்பவர்கள் ஒரு தாளில் நாளையும் தொகையையும் எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இரண்டு மழைக்காலம் கடந்த நிலவரம் இது. எந்தப் பலகையும் நெளியவில்லை, இடுக்கு திறக்கவில்லை. பாலிஷ் எங்கும் உரியவில்லை. திருப்பத்துக்கு முந்தைய இரண்டு படிகளில், எல்லோரும் காலை ஊன்றித் திரும்பும் இடத்தில் மட்டும், மங்கியிருக்கிறது. கைப்பிடியில் அவலரக்கு உள்ளங்கையின் எண்ணெய் ஏறி, அடித்த நாளைவிட இன்று அழகாக இருக்கிறது. ஏழாம் படி கிறீச்சிடத் தொடங்கியிருக்கிறது. வந்து பார்ப்பதாக நான்கு முறை சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை. கம்பளம் விழுங்கிக்கொண்டிருந்த காலடி ஓசை இப்போது வீடு முழுக்கக் கேட்கிறது. அக்காவின் பேரன் இறங்கும்போது தவில் வாசிப்பதுபோல் இருக்கிறது. மறுபக்கம், அம்மா இரவில் எழுந்து படியில் கால் வைத்தால் எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

கான்கிரீட் படிமேல் புதிதாக மரம் பதிக்க வேண்டும், ஒரு வாரத்தில் முடிய வேண்டும், தூசி கூடாது என்பவர்களுக்கு இவர் ஏற்றவர் அல்லர். கம்பளத்துக்கு அடியிலோ பெயிண்டுக்கு அடியிலோ பழைய மரம் இருக்கிறது என்ற சந்தேகம் உள்ள ராயபுரம், பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பழைய வீட்டுக்காரர்கள், வேலை கொடுக்காவிட்டாலும், ஒரு முறை இப்படிப்பட்ட ஒருவரைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது, அந்த முதல் படி. ஐந்தேகால் அங்குலத்தை ஏழேகாலாக்க வேண்டுமென்றால் கூடத்துத் தரையைத்தான் உடைக்க வேண்டும். அதற்குப் பதில், அங்கே ஒரு படி வேறு மாதிரி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி முனையில் மஞ்சள் பட்டை ஒட்டச் சொன்னார் பாய்; ரயில் நிலையம் மாதிரி இருக்கும் என்று அம்மா மறுத்துவிட்டார். அவர் மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பலா மரத் துண்டைக் கொண்டுவந்து, விரல் அகலத்துக்குப் பட்டையாகச் சீவி, தேக்கு முனையில் காடி வெட்டிப் பதித்துவிட்டார். எலுமிச்சை நிறத்தில் ஒரு கோடு, இரவு விளக்கிலும் தெரிந்தது. பலா வெளிச்சத்தில் கறுக்கும் என்று அப்போதே எச்சரித்திருந்தார். கறுத்துக்கொண்டுதான் வருகிறது, இப்போது தேக்குக்கும் அதற்கும் அரை நிழல்தான் வித்தியாசம். ஏழாம் படிக்காக அவர் வரும் நாளில் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.